‘குழந்தைக்கும் மருந்து வேண்டாமா?’: பாரோ மருத்துவமனையில் ஒரு நாள், அதைத் தொடர்ந்த பத்து ஆண்டுகள்

2008 அக்டோபர் 27, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் வடமேற்கே கடலை ஒட்டிய பாரோ என்ற ஊரில், ஃபர்னஸ் பொது மருத்துவமனையில், காலை ஏழரை மணி வாக்கில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஜோஷுவா என்று பெயர் வைத்தார்கள். பிறந்த சற்று நேரத்திலேயே தாய் மயங்கிச் சரிந்தார். கிருமித்தொற்று என்று கண்டு நரம்பு வழியே நீரும் ஆன்டிபயாடிக்கும் ஏற்றினார்கள். தாய் தேறிவிட்டார்.

அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது அன்றைக்குத்தான் என்றில்லை. இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே தலைவலி, தொண்டைவலி. பனிக்குடமும் பிரசவத்துக்கு முன்பே உடைந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போய்க் காட்டினார்கள், திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தந்தை ஜேம்ஸ் டிட்கம் எந்த அப்பனும் கேட்கக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டார். அம்மாவுக்குத் தொற்று இருந்தால் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு மட்டும் இருக்காதா? குழந்தைக்கும் மருந்து வேண்டாமா?

குழந்தை நன்றாக இருக்கிறது, வேண்டியதில்லை என்று பதில் வந்தது. அன்று அந்தக் கேள்வியைப் பெற்றோர் ஒரு முறைக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான்.

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பிரசவத்தின்போது நடக்கும் தவறுகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம், எழுதுகிறோம். தொப்புள்கொடியை வெட்டிய பிறகு, தாயையும் பிள்ளையையும் வார்டுக்கு மாற்றிய பிறகு, என்ன கவனிப்பு கிடைக்கிறது என்பது அவ்வளவாகப் பேச்சில் வருவதில்லை. ஜோஷுவாவின் கதை முழுக்க அந்த வார்டில் நடந்தது. அதோடு, பிரிட்டனில் இவ்வளவு ஆழமாகத் தோண்டித் துருவி ஆராயப்பட்ட பிரசவ வார்டுகள் அதிகம் இல்லை.

அந்த 24 மணி நேரம்

வார்டுக்கு வந்த பிறகு குழந்தையின் உடல் வெப்பம் குறைந்தது. வெப்பமூட்டும் தொட்டிலில் வைத்துச் சூடேற்றி மறுபடி தாயிடம் கொடுத்தார்கள். பிறகு மறுபடியும் குறைந்தது. மூச்சில் ஒரு முனகல் இருந்தது, சளி கட்டியிருந்தது, பால் குடிப்பதில் ஆர்வம் இல்லை. மிட்வைஃப்கள் வந்து வந்து பார்த்தார்கள். குழந்தை மருத்துவரை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

(மிட்வைஃப் என்பதை மருத்துவச்சி என்று எழுதலாம்தான். ஆனால் நம் காதில் அந்தச் சொல் வீட்டுக்கு வந்து பிரசவம் பார்த்த கிழவியைத்தான் நினைவுபடுத்துகிறது. இங்கிலாந்தில் மிட்வைஃப் என்பவர் பல்கலைக்கழகத்தில் படித்து, பெயரைப் பதிவு செய்து, சிக்கல் இல்லாத பிரசவத்தைத் தன் சொந்தப் பொறுப்பில் பார்க்கும் தொழில்முறையாளர். அந்தப் பொறுப்புதான் இந்தக் கதையில் முக்கியம் என்பதால் சொல்லை அப்படியே விடுகிறேன்.)

மறுநாள் காலை, பிறந்து ஏறக்குறைய 24 மணி நேரத்தில், குழந்தை நிலைகுலைந்தது. அதற்குப் பிறகு எல்லாமே வேகமாக நடந்தன. மான்செஸ்டருக்கு, அங்கிருந்து நியூகாசிலுக்கு. இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை வெளியே இருந்து செய்யும் எக்மோ இயந்திரத்தில் வைத்தார்கள். நவம்பர் 5 அன்று, ஒன்பது நாள் பிள்ளையாக, ஜோஷுவா இறந்தான். காரணம் நிமோகாக்கஸ் கிருமி. சாதாரண ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படக்கூடிய கிருமிதான். அதே கட்டிடத்தில், அதே நாளில், அவன் தாய்க்குக் கொடுத்து அவரைக் காப்பாற்றிய வகை மருந்து.

குளிர்ந்த உடம்பு என்ன சொல்கிறது

தொற்று என்றால் காய்ச்சல் என்றுதான் நமக்குப் பழக்கம். பச்சைக் குழந்தைக்கு அந்தக் கணக்கு செல்லாது. பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது. எடைக்குக் கணக்கிட்டால் தோலின் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் வெளியேறிவிடும். முதுகிலும் கழுத்திலும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது தன்னைச் சூடாக வைத்துக்கொள்கிறது. கிருமியோடு மல்லுக்கட்டும்போது அந்தச் சேமிப்பு போதாமல் போகும். விளைவு, வெப்பமானி ஏறுவதற்குப் பதில் இறங்கும். பிறந்த குழந்தைக்கு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்குக் கீழே போனால் முதலில் போர்த்திவிட வேண்டும், தாயின் மார்போடு அணைத்து வைக்க வேண்டும். அப்படியும் நிற்காமல் மறுபடி இறங்கினால், ஏன் என்று கேட்க வேண்டும்.

வெப்பமூட்டும் தொட்டில் செய்யும் குழப்பம் இங்கேதான். அது எண்ணைச் சரிசெய்துவிடும். தாளில் ஒழுங்கான ஓர் எண் வந்து உட்கார்ந்ததும் பார்ப்பவர் மனமும் அமைதியாகிவிடும். ஆனால் சூடு வந்தது குழந்தையிடமிருந்து இல்லை, தொட்டிலிலிருந்து. தொட்டிலை விட்டு எடுத்ததும் மறுபடி குளிர்ந்ததே, அதுதான் குழந்தை சொன்ன சேதி.

நம் ஊரில் ஆஷா பணியாளர்களுக்குக் கொடுக்கும் பயிற்சியில் வெப்பமானியே இல்லாமல் இதைப் பார்க்கச் சொல்லித்தருகிறார்கள். புறங்கையால் குழந்தையின் வயிற்றைத் தொடு, பிறகு பாதத்தைத் தொடு. வயிறு சூடாக இருந்து பாதம் மட்டும் சில்லென்று இருந்தால் குளிர் தாக்கத் தொடங்கியிருக்கிறது. இரண்டுமே சில்லென்றால் ஆபத்து, உடனே கிளம்பு. பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணுக்குக் கிராமத்தில் கற்றுத்தரும் பாடம் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைகளின் தொற்றுக்கான தேசிய வழிகாட்டுதல் இங்கிலாந்தில் 2012இல்தான் வந்தது. பிரசவத்தையொட்டி 24 மணி நேரத்துக்குள் தாய்க்குக் கடும் தொற்று என்ற சந்தேகத்தில் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் குழந்தையைப் பொறுத்தவரை அது சிவப்புக் கொடி என்று அதில் இருந்தது. ஆக, டிட்கம் தம்பதி வார்டில் கேட்ட கேள்விதான் நாலு வருடம் கழித்து வழிகாட்டுதலில் ஒரு வரியாக ஏறியது. 2008இல் அந்த வரி இல்லை என்பது மிட்வைஃப்களுக்கு ஓரளவு நியாயம் சேர்க்கும். ஆனால் ஓரளவுதான். குளிர்ந்துபோகும் பச்சைக் குழந்தையைச் சந்தேகத்தோடு பார்க்க யாருக்கும் தேசிய வழிகாட்டுதல் வேண்டியதில்லை.

வார்டில் யார் யாருடைய நோயாளி

பிரசவ அறையில் ஒரு தாய்க்கு ஒரு மிட்வைஃப் பக்கத்திலேயே இருப்பார். பிரசவத்துக்குப் பிந்தைய வார்டுக்கு வந்ததும் நிலைமை தலைகீழ். ஒருவர் பல தாய்மாரைப் பார்க்க வேண்டும். அங்கே வரும் குழந்தை ‘நலமான குழந்தை’ என்ற பெயரோடுதான் வருகிறது. நோயாளி என்று பார்த்தால் தாய்தான். குழந்தை அவரோடு கூட வந்தது. முதல் 72 மணி நேரத்துக்குள் ஒரு முழுப் பரிசோதனை உண்டு. மற்றபடி குழந்தை மருத்துவர் தானாக வரமாட்டார், கூப்பிட்டால்தான் வருவார். அப்படியென்றால் எல்லாமே அந்த ஓர் அழைப்பில் தொங்குகிறது. கூப்பிட வேண்டியவர் மிட்வைஃப்.

ஃபர்னஸ் மருத்துவமனையில் அந்த அழைப்பு ஏன் அவ்வளவு கனமாக இருந்தது என்பதை 2015இல் வெளிவந்த விசாரணை அறிக்கைதான் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. டாக்டர் பில் கிர்கப் தலைமையில் நடந்த அந்த விசாரணை, மகப்பேறு மருத்துவர்கள், குழந்தை மருத்துவர்கள், மிட்வைஃப்கள் ஆகிய மூன்று தரப்புக்கும் இடையே உறவு மிக மோசமாக இருந்தது என்று கண்டது. நாங்கள், அவர்கள் என்ற பேச்சு. செல்வாக்கு மிக்க சில மிட்வைஃப்கள் இயற்கைப் பிரசவத்தை எப்பாடுபட்டாவது நடத்திக்காட்டுவதில் குறியாக இருந்தார்கள். நாவலில் வரும், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காத வீரர்களைப் போல, ‘மஸ்கெட்டியர்கள்’ என்று அவர்களுக்கு ஒரு பெயரும் இருந்தது. அந்தச் சூழ்நிலையில் மருத்துவரைக் கூப்பிடுவது, கோட்டையின் கதவைத் திறந்துவிடுவது போன்ற காரியம்.

இதைப் படித்துவிட்டு இயற்கைப் பிரசவம்தான் குற்றவாளி என்று முடிவுகட்டினால் தவறு. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். நமக்குள்ள நோய் எதிர்ப்பக்கத்து நோய். ஜோஷுவா விஷயத்தில் பிரசவம் ஒழுங்காகத்தான் முடிந்தது. அது எந்த முறையில் நடந்திருந்தாலும் அன்றைக்கு அந்த வார்டில் அந்த அழைப்பு போயிருக்குமா என்பது சந்தேகம்தான். தவறு இருந்தது இரண்டு தொழில்களுக்கு நடுவே உள்ள வேலியில்.

காணாமல் போன தாள்

குழந்தை இறந்த பிறகு பெற்றோர் நோயேடுகளைக் கேட்டார்கள். அந்த முதல் நாளின் கண்காணிப்புத் தாள், அதாவது எப்போது வெப்பம் பார்த்தார்கள், எவ்வளவு இருந்தது, மூச்சு எப்படி என்று குறித்து வைத்த தாள், காணவில்லை. கிடைக்கவே இல்லை.

ஒரு மருத்துவமனைத் தாள் தொலைவது உலக அதிசயம் இல்லை. ஆனால் இந்த ஒரு தாள் இல்லாவிட்டால், எத்தனை முறை வெப்பம் இறங்கியது என்பதற்குச் சாட்சி இரண்டே தரப்புதான்: பெற்றோரின் நினைவு, மிட்வைஃப்களின் நினைவு. இரண்டும் ஒத்துப்போகவில்லை. டிட்கம் அணுசக்தித் துறையில் திட்ட மேலாளராக இருந்தவர். அவர் வேலை செய்த இடத்தில் ஒரு குழாய் கசிந்தால்கூட ஏன், எப்படி, அடுத்த முறை நடக்காமலிருக்க என்ன வழி என்று உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பார்கள். அதையே மருத்துவமனையிடமும் எதிர்பார்த்தார். நடந்ததை மணிவாரியாக எழுதி வைத்தார். அந்தக் குறிப்பு இந்தக் கதையின் கடைசியில் மறுபடி வரும்.

முதலில் மரண விசாரணையே நடக்கவில்லை. மூன்று வருடம் ஆகப்போகும் நேரத்தில், 2011 ஜூனில்தான், மரணங்களின் காரணத்தை விசாரிக்கும் அதிகாரியான கொரோனர் இயன் ஸ்மித் முன் விசாரணை நடந்தது. அங்கே மிட்வைஃப்கள் வரிசையாக வந்து சொன்ன பதில் ஒன்றுபோல இருந்தது: பிறந்த குழந்தையின் உடல் குளிர்வது தொற்றின் அறிகுறியாக இருக்கலாம் என்று எங்களுக்குத் தெரியாது.

ஆஷா பணியாளர் புறங்கையால் தொட்டுப் பார்க்கும் பாடத்தை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு வார்டே சேர்ந்து தெரியாது என்றால்? கொரோனருக்கே அது உறுத்தியது. கூடிப் பேசி வைத்துக்கொண்ட பதில் என்று சந்தேகப்பட்டார். கிர்கப் அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. மரண விசாரணைக்கு முன்னால் ‘மாதிரி விடைகள்’ என்று சொல்லத்தக்க ஒன்று சுற்றுக்கு விடப்பட்டிருந்ததைக் கண்டது. தெரியாது என்ற அந்த ஒட்டுமொத்தப் பதிலை, உண்மையைத் திரித்ததற்கான எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டது. தாள் தொலைந்ததற்கு மட்டும் அப்பாவித்தனமான காரணமும் இருக்கக்கூடும் என்று இடம் விட்டு, ஆனாலும் கவலை தருகிறது என்று எழுதியது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது இதுதான். அந்த 24 மணி நேரத்தில் நடந்தது கவனக்குறைவு, அறியாமை, வேலி, எதுவாகவும் இருக்கலாம். சோர்ந்துபோன மனிதர்களுக்கு அது நடக்கும். அதற்கு அடுத்து நடந்தது அப்படி இல்லை. தெரிந்ததைத் தெரியாது என்று சொன்னால், அடுத்த குழந்தை குளிரும்போது அந்த வார்டு கற்றுக்கொண்ட பாடம் என்று எதுவும் கையில் இருக்காது.

ஒரே டிரஸ்ட், இரண்டு மருத்துவமனைகள்

ஜோஷுவா தனி ஒருவன் இல்லை. 2008இல் மட்டும் ஃபர்னஸில் ஐந்து பெரிய சம்பவங்கள். பிரசவத்தின்போது மூச்சுக்காற்று போதாமல் மூளை பாதித்த ஒரு குழந்தை, உயர் ரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சை கிடைக்காமல் இறந்த ஒரு தாய், பனிக்குட நீர் ரத்தத்தில் கலந்ததால் இறந்த ஒரு தாயும் அவர் குழந்தையும், பிரசவ வலியின்போதே இறந்த ஒரு குழந்தை, கடைசியாக ஜோஷுவா. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத துரதிர்ஷ்டம் என்று தோன்றும். நிர்வாகமும் அப்படித்தான் பார்த்தது. உண்மையில் முதல் எச்சரிக்கை 2004இலேயே ஒரு குழந்தையின் மரணத்தில் வந்துவிட்டது. அதை மேலோட்டமாக விசாரித்து மூடிவிட்டார்கள்.

கிர்கப் குழு 2004 முதல் 2013 வரை உள்ள நோயேடுகளைப் பிரித்துப் பார்த்தது. கவனிப்பில் பெரிய குறை இருந்த 20 நிகழ்வுகள் கிடைத்தன. அவற்றோடு தொடர்புடையவை 3 தாய்மாரின் மரணமும் 16 குழந்தைகளின் மரணமும். சரியான சிகிச்சை கிடைத்திருந்தால் அவர்களில் ஒரு தாயும் 11 குழந்தைகளும் பிழைத்திருப்பார்கள் என்று குழு கணித்தது. அந்த அறிக்கையில் என்னை நிறுத்தி வைத்த எண் வேறு. அதே டிரஸ்டின், அதாவது சில மருத்துவமனைகளைச் சேர்த்து நடத்தும் அரசு நிர்வாக அமைப்பின், கீழ் லங்காஸ்டரில் இன்னொரு மருத்துவமனை, ராயல் லங்காஸ்டர் இன்ஃபர்மரி இருக்கிறது. அதே நிர்வாகம், அதே பணம், அதே விதிகள். அங்கே இருந்ததைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு குறைகள் ஃபர்னஸில் இருந்தன. ‘எல்லா இடத்திலும் இப்படித்தான்’ என்ற சமாதானத்துக்கு இந்த ஒரு ஒப்பீடே பதில். ஊர் ஒதுக்குப்புறத்தில் கிடந்ததும் ஒரு காரணம்தான்; லங்காஸ்டருக்குச் சாலை வழியே ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். புதிய ஆட்கள் வருவது அபூர்வம், இருப்பவர்கள் வெளியே போய்ப் பார்ப்பதும் அபூர்வம். தாங்கள் செய்வதுதான் முறை என்று ஆகிப்போகும்.

சரி, மேலே இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? கேள்வி வார்டை விட்டு வெளியே போன பிறகும் அதற்குக் கிடைத்த பதில் மாறவில்லை. 2010 ஏப்ரலில், மருத்துவமனைகளின் தரத்தைக் கண்காணிக்கும் கேர் குவாலிட்டி கமிஷன் அந்த டிரஸ்டுக்கு நிபந்தனை எதுவும் இல்லாமல் பதிவு கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில், நன்றாக நடக்கும் நிர்வாகங்களுக்குத் தரப்படும் ‘ஃபவுண்டேஷன் டிரஸ்ட்’ தகுதியும் கிடைத்தது. டிட்கம் கொண்டுபோன புகாரை, அரசுச் சேவைகள் மீதான புகார்களைப் பார்க்கும் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் விசாரிக்க மறுத்தது. டிரஸ்டே ஏற்பாடு செய்த ஃபீல்டிங் மதிப்பாய்வு 2010இல் குறைகளை எழுதிக் கொடுத்தும், அதைப் பலர் கண்ணில் படாமல் வைத்துக்கொண்டார்கள். 2008க்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில் மட்டும் தலையிட்டுத் தடுத்திருக்கக்கூடிய வாய்ப்புகள் குறைந்தது ஏழு நழுவின என்று கிர்கப் எண்ணிக் காட்டினார்.

இவற்றில் விசித்திரமானது மிட்வைஃப் மேற்பார்வை முறை. 1902 சட்டத்தில் வேர்விட்ட ஏற்பாடு அது: ஒரு மிட்வைஃப் செய்த தவறை இன்னொரு மிட்வைஃப்தான் விசாரிப்பார். ஃபர்னஸில் அது எந்த லட்சணத்தில் இருந்தது என்றால், மூத்த மிட்வைஃப், இடர் மேலாளர், மேற்பார்வையாளர், ஊழியர் பிரதிநிதி ஆகிய தொப்பிகளை ஒரே ஆள் அணிந்திருந்தார். வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்லமாட்டேன். வேலியும் பயிரும் ஒன்றாகவே இருந்தன.

பிறகு

2015 மார்ச் 3 அன்று வெளியான அறிக்கையில் 44 பரிந்துரைகள். 18 டிரஸ்டுக்கு, 26 நாட்டுக்கு. மேற்பார்வை முறை 2017இல் சட்டப் புத்தகத்திலிருந்தே நீக்கப்பட்டது. 2018இல் பாரோவில் புதிய பிரசவ மையமும் திறந்தார்கள். கட்டிடத்தை மாற்றுவது சுலபம் என்பதை அடுத்து வந்த அறிக்கைகள் காட்டின. 2022 மார்ச்சில் ஷ்ரூஸ்பரி மருத்துவமனைகள் பற்றிய அறிக்கை வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கிழக்கு கென்ட் பற்றி இன்னொன்று. அதை எழுதியவரும் கிர்கப்பேதான். பெற்றோர் சொன்னதைக் கேட்கவில்லை என்ற குறை அவற்றிலும் திரும்பத் திரும்ப வருகிறது.

ஜோஷுவாவைப் பார்த்துக்கொண்ட மிட்வைஃப்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கை, தொழில் பதிவை வைத்திருக்கும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் கையில் இருந்தது. அது வருடக்கணக்கில் இழுத்தது. 2018 மே மாதம், கவுன்சில்களையே கண்காணிக்கும் அமைப்பு அந்த இழுத்தடிப்பை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. பெற்றோர் சொன்ன விவரங்கள் கவுன்சிலின் கைக்கு எப்போதோ வந்து சேர்ந்திருந்தன. ஜேம்ஸ் டிட்கம் மணிவாரியாக எழுதி வைத்த அந்தக் குறிப்புதான். தாய்க்கு உடம்பு சரியில்லை என்பதை மிட்வைஃப்களிடம் சொன்னோம் என்பதும் அதில் இருந்தது. விசாரித்த குழுவின் முன் அதை யாரும் எடுத்து வைக்கவே இல்லை.